டச் ஆஃப் ஈவில் 4கே: மூன்று டிஸ்க்கும் 58 பக்கக் கரெக்‌ஷனும்

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. பெண்ணோட அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் கரெக்‌ஷன் லிஸ்ட்டில்தான் பொழுது விடியும். ‘பெரிய மாமா முகம் இன்னும் ரெண்டு செகண்ட் நிக்கட்டும் தம்பி’ என்கிற மாதிரி. அதனால், ‘டச் ஆஃப் ஈவில்’ என்ற ஹாலிவுட் குற்றப் படத்தை இயக்கிய ஆர்சன் வெல்ஸ், அதன் எடிட்டிங்குக்காக 1957 டிசம்பரில் யுனிவர்சல் ஸ்டுடியோவுக்கு 58 பக்கம் கரெக்‌ஷன் எழுதினார் என்று முதலில் படித்தபோது சிரிப்புதான் வந்தது. பாவம், படத்தை எடுத்தவரே கெஞ்சுகிறார். எடிட்டிங் ரூம் சாவி ஸ்டுடியோவிடம்.

அவர் கேட்டதில் பல நடக்கவில்லை. வேறொருவரை வைத்து ஏற்கெனவே எடுத்திருந்த சில காட்சிகளையும் சேர்த்து, 1958இல் ஒன்றரை மணி நேரச் சொச்சப் படமாக வெளியிட்டார்கள். 40 வருடம் கழித்து, 1998இல், வால்டர் மர்ச் என்ற எடிட்டர் அந்த 58 பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி எடிட் செய்தார். கினோ லார்பர் என்ற டிஸ்க் கம்பெனி 2022இல் வெளியிட்ட இந்த 4கே பெட்டியில் தியேட்டருக்கு வந்த படம், அதற்கு முன் சோதனைக்குப் போட்டுக் காட்டிய நீளமான பிரிவ்யூ பிரதி, மர்ச்சின் பிரதி என்று மூன்றும் தனித்தனி டிஸ்க்கில் இருக்கின்றன.

வாங்கினால் முதலில் தியேட்டர் டிஸ்க்கைப் போட்டு ஆரம்ப ஷாட்டை மட்டும் பாருங்கள். ஒரு கை டைம்பாமைத் திருகுகிறது, காரின் டிக்கியில் வைக்கிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் கட் இல்லாமல் கேமரா எல்லையோர ஊரின் தெருக்களில் மிதந்து போகிறது. ஹென்றி மான்சினியின் இசை அதிர, அதன் மேல் டைட்டில் கார்டுகள் வரிசையாக வந்து விழுகின்றன. நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் மர்ச்சின் டிஸ்க்கைப் போடுங்கள். டைட்டில் இல்லை, அந்த இசையும் இல்லை. ஒவ்வொரு கடையைத் தாண்டும்போதும் ஒவ்வொரு பாட்டு கசிகிறது. நடுவில் ஆட்டுக் கூட்டம், போலீஸ்காரனின் விசில். குண்டு வைத்த கார் பார்வையிலிருந்து மறைந்தாலும் அதன் ரேடியோ சத்தம் கிட்டே வருகிறது, விலகுகிறது. கார் எங்கே இருக்கிறது என்று காதே சொல்லிவிடுகிறது! வெல்ஸ் கேட்டது இதைத்தான்.

இன்னொன்று, எடிட்டர்களுக்காக. மெக்சிகோ அதிகாரி வர்காஸ், க்வின்லன் என்ற கெட்ட போலீஸ்காரனுக்கு எதிரான ஆதாரங்களை ஆவணக் காப்பகத்தில் எடுத்துப் போடும் இடத்தில், க்வின்லனின் விசுவாசமான கூட்டாளி மென்சிஸின் குளோஸப் ஒன்றைத் தூக்கச் சொல்லியிருந்தார் வெல்ஸ். லென்ஸ் சரியில்லை என்று காரணம் சொன்னார். மர்ச் அதை நீக்கிப் பார்த்தால் மென்சிஸின் குணமே மாறிவிட்டது: மிரட்டலில் உடைந்து போனவனாக இல்லாமல், தானே யோசித்து முடிவெடுத்தவனாகத் தெரிகிறான். போனது ஒரே ஒரு ஷாட்.

படத்தின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பிரமாதம். என் பழைய டிவிடியில் இரவுக் காட்சிகள் தார் ஊற்றிய மாதிரி இருக்கும். இதில் கலிபோர்னியாவின் வெனிஸில் எடுத்த அந்த வளைவுத் தூண்களின் காரை உதிர்ந்த இடம்கூடத் தெரிகிறது. க்வின்லனாக வரும் வெல்ஸின் தாடையில் வியர்வை, முள்முள்ளாகத் தாடி. ஃபிலிமுக்கே உரிய பொடிப்புள்ளிகளை (கிரெய்ன்) துடைத்து மெழுகு பூசவில்லை. ஒரு சங்கடம்: வர்காஸாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டனை மெக்சிகோக்காரராக்கப் பூசிய மேக்கப்பும் துல்லியமாகத் தெரிகிறது. அன்றே இடித்திருக்க வேண்டிய விஷயம், இன்று கண்ணைக் குத்துகிறது.

குறை என்றால் விலைதான். கஸ்டம்ஸ் சேர்த்து 5,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பெட்டி ஓரம் நசுங்கி வந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு பதிலே இல்லை. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் தொல்லை கிடையாது, எந்த நாட்டில் வாங்கிய பிளேயரிலும் ஓடும் என்பது நிம்மதி, ஆனால் பிளேயர் 4கே ஆக இருக்க வேண்டும். படத்தில் நடித்த ஹெஸ்டனும் ஜேனட் லீயும் பேசும் கமென்ட்ரியை மறக்காமல் கேளுங்கள்.

பார்த்த மறுநாள், ஒரு முகூர்த்த வீடியோவின் ஆரம்பத்தில் போட்டிருந்த சினிமாப் பாட்டை எடுத்துவிட்டேன். வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம், செருப்புச் சத்தம், உள்ளேயிருந்து மெல்ல வரும் நாதஸ்வரம், அவ்வளவுதான். அனுப்பிப் பத்தாவது நிமிடத்தில் பெண்ணோட அப்பாவிடமிருந்து மெசேஜ்: ‘தம்பி, பாட்டு வரலையே, ஃபைல் கெட்டுப்போச்சா?’