பட்டத்துக்கு 8 வாரம், பாக்கி 6 கிரெடிட்: எந்த அறிவியல் தேர்வை எழுதுவது?

சித்தி மகன் ஏப்ரல் மாதம் ஒரு மாலை போன் செய்து, "அக்கா, 46" என்று மட்டும் சொன்னான். வகுப்பில் உட்காராமலே கல்லூரிப் பாடத்தின் கிரெடிட்டை (பட்டத்துக்குச் சேரும் பாட அலகு) வாங்கித் தரும் கிளெப் தேர்வு, பாடம் வேதியியல். தேவை 50. பிளஸ் டூவில் வேதியியல்தான் அவனுக்குக் கைவந்த பாடம், அதனால் வேறு எதையும் யோசிக்காமல் அதற்கே பணம் கட்டியிருந்தான். அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மே மாதப் பட்டமளிப்பு விழாவுக்கு அங்கியும் தொப்பியும் வாங்கியாகிவிட்டது. ஊரிலிருந்து சித்தி வர டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

அந்த மூன்று மாதத் தடை அதே தேர்வுக்கு மட்டும்தான், வேறு பாடத்தை அடுத்த வாரமே எழுதலாம் என்று எங்கள் இருவருக்கும் தெரியவந்தபோது மே பாதி போய்விட்டது. அதற்கு ஆறு மாதம் கழித்து, பாதியில் விட்ட என் பட்டத்தை முடிக்க நானும் இதே 6 அறிவியல் கிரெடிட்டைத் தேடி அலைந்தேன். அவன் பட்ட அடியும் நான் எழுதிய தேர்வும் சேர்ந்துதான் இந்த ஒப்பீடு. அமெரிக்காவில் பட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இருக்கும் யாருக்காவது ஒரு செமஸ்டர் மிஞ்சினால் போதும்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு பாடத்தை வகுப்பில் உட்கார்ந்து படிக்காமல், பொதுத் தேர்வு ஒன்றை எழுதித் தேறியே அதன் கிரெடிட்டை வாங்கிவிடலாம். இதில் பெரிய பெயர் இரண்டு. ஒன்று, காலேஜ் போர்டு நடத்தும் கிளெப். 1967 முதல் இருக்கிறது, 2,900-க்கும் அதிகமான கல்லூரிகள் ஏற்கின்றன. இன்னொன்று டி.எஸ்.எஸ்.டி. ராணுவத்தினர் படிப்பதற்காகத் தொடங்கியது, இப்போது புரோமெட்ரிக் என்ற தேர்வு நிறுவனம் நடத்துகிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஏற்கும் கல்லூரிகள் கிளெப்பைவிடக் குறைவு. பள்ளி மாணவர்கள் கல்லூரிக் கிரெடிட்டுக்காக எழுதும் ஏ.பி. தேர்வைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். அது வருடத்துக்கு ஒருமுறை, மே மாதம் மட்டும். நம் அவசரத்துக்கு அது உதவாது.

கிளெப்பில் அறிவியல் என்று இருப்பவை மூன்று: இயற்கை அறிவியல், உயிரியல், வேதியியல். இயற்பியலுக்குத் தனித் தேர்வு கிடையாது. மூன்றுக்கும் 90 நிமிடம். மதிப்பெண் 20 முதல் 80 வரை. தேர்ச்சிக்கு அமெரிக்கக் கல்விக் கவுன்சில் பரிந்துரைப்பது 50. ஒவ்வொன்றுக்கும் அது சொல்லும் கிரெடிட் 6. இந்த 50 என்பது நூற்றுக்கு ஐம்பது இல்லை, கேள்விகளின் கடினத்தைப் பொறுத்து மாற்றிக் கணக்கிட்ட எண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் ஒரு கேள்வியையும் காலியாக விடக் கூடாது.

டி.எஸ்.எஸ்.டி. பக்கம் சுற்றுச்சூழல் அறிவியல், வானியல், புவியியல் அறிமுகம் (பாறை, நிலநடுக்கம் பற்றிய ஜியாலஜி, நாடு நகரம் படிக்கும் ஜியாகிரஃபி இல்லை), இயற்பியலும் வேதியியலும் கலந்த ஒரு தேர்வு என்று நான்கு உண்டு. ஒவ்வொன்றும் 3 கிரெடிட். இரண்டு மணி நேரம், சுமார் 100 கேள்வி. 200 முதல் 500 வரையான அளவில் 400 எடுத்தால் தேர்ச்சி. தவறினால் 30 நாளில் மறுபடி எழுதலாம். 8 வாரக் கெடுவில் நிற்பவருக்கு இந்த 30 நாள் மிகப் பெரிய விஷயம். கிளெப்பில் ஒரு பாடத்துக்கு ஒரே வாய்ப்புதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே தவறினாலும் இன்னொரு முறை உண்டு.

வேதியியலில் இருந்து தொடங்குகிறேன், காரணம் நம்மூர்ப் பிள்ளைகள் அதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சுமார் 75 கேள்விகள், அதாவது கேள்விக்கு 72 விநாடி. தனிம வரிசை அட்டவணையும் கால்குலேட்டரும் திரையிலேயே இருக்கும். இதைக் கேட்டதும் மனது லேசாகிவிடும். ஆனால் வேதிச் சமன்பாட்டுக் கணக்கு, சமநிலை, வினைவேகம், வெப்ப இயக்கவியல், போதாததற்குச் சோதனைக்கூட முறைகள் பற்றிய கேள்விகள் என்று அறிவியல் மாணவர்கள் ஒரு முழு வருடம் படிக்கும் பாடம் அது. தம்பி பிளஸ் டூ முடித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. சூத்திரம் நினைவில் இருந்தது, கை ஓடவில்லை. 72 விநாடியில் ஒரு மோல் கணக்கைப் போட்டு முடிக்க தினசரிப் பழக்கம் வேண்டும். கடந்த ஓரிரு வருடத்தில் கல்லூரியில் பொது வேதியியல் படித்தவர் மட்டும் இதைத் தொடலாம் என்பது என் தீர்மானமான கருத்து.

உயிரியலா இயற்கை அறிவியலா என்பதுதான் நிஜமான போட்டி.

உயிரியலில் சுமார் 115 கேள்விகள். மூன்றில் ஒரு பங்கு செல்லும் மூலக்கூறும், ஒரு பங்கு தாவர விலங்கு உடலமைப்பு, மீதி ஒரு பங்கு பரிணாமம், சூழலியல், விலங்கு நடத்தை. பிளஸ் டூவில் தாவரவியல், விலங்கியல் படித்தவர்களுக்கு இரண்டாவது பங்கு பழகிய பாதை. நான் தமிழ் வழியில் படித்தவள். ஒரு மாதிரித் தாளை எடுத்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த விஷயத்தையே தெரியாத பெயரில் கேட்டார்கள். மைட்டாசிஸ் என்று படித்ததும் மனசுக்குள் மறைமுகப் பகுப்பு என்று மாற்றி, மியாசிஸ் என்றதும் குன்றல் பகுப்பு என்று மாற்றி, ஆஸ்மாசிஸ் வந்தால் சவ்வூடு பரவல் என்று மாற்றி, அதற்கப்புறம்தான் விடை தேடினேன். கேள்விக்குக் கிடைப்பது 47 விநாடி. அதில் பத்து விநாடி இந்த மாற்றத்திலேயே போனது. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் வலப்பக்கம் பள்ளியில் படித்த சொல்லையும் எழுதிக்கொண்டே வந்தேன். இருநூறு சொல் தாண்டியபோது படிப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. தமிழ் வழியில் படித்தவர்கள் எந்தத் தேர்வை எடுத்தாலும் இதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். பாடம் நமக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தடுக்கிறது.

இயற்கை அறிவியலில் சுமார் 120 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 45 விநாடிதான். பாதி உயிரியல், பாதி பௌதிகப் பக்கம்: அணு, தனிமங்கள், வெப்பம், இயக்கம், கொஞ்சம் மின்சாரமும் ஒளியும், பிறகு பிரபஞ்சமும் பூமியும். கடைசி இரண்டும் சேர்ந்து மட்டும் 17 சதவீதம். அறிவியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்காத மாணவர்களுக்கான பொதுப் பாடத்தின் அளவில் அமைந்த தேர்வு இது. பரப்பு அதிகம், ஆழம் குறைவு. நிலவின் பிறைகள் எதனால் மாறுகின்றன, எரிமலைக் குழம்பு இறுகினால் என்ன வகைப் பாறை, உணவுச் சங்கிலியில் ஆற்றல் எங்கே குறைகிறது என்ற அளவில் தெளிவு இருந்தால் போதும். கணக்கு மிகக் குறைவு. பத்தாம் வகுப்பு அறிவியலை ஒழுங்காகப் படித்த யாரும் முக்கால் தூரம் ஏற்கெனவே வந்துவிட்டவர்கள். நான் இதைத்தான் எழுதினேன். 6 கிரெடிட்டை ஒரே நாளில் வாங்க இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. உயிரியலையும் இயற்கை அறிவியலையும் இரண்டுமே எழுதினால், பாடம் ஒன்றன்மேல் ஒன்று வருகிறது என்று சில கல்லூரிகள் ஒன்றுக்குத்தான் கிரெடிட் கொடுக்கும். இந்தத் தேர்வுகளில் எதிலும் லேப் கிடையாது. உங்கள் பட்டத்துக்கு லேபுடன் கூடிய அறிவியல் வேண்டும் என்றால் இங்கேயே நின்று அட்வைசரிடம் கேளுங்கள். கடைசி 30 கிரெடிட்டை அந்தக் கல்லூரியிலேயே படிக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. வாயால் கேட்டால் போதாது, ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்.

மாற்றுத் திட்டமாக என்ன வைத்துக்கொள்வது? இயற்கை அறிவியலில் 47, 48 என்று தவறிவிட்டால் பலர் உடனே உயிரியலுக்கு ஓடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பரப்பாகப் படித்தவர் இரண்டு வாரத்தில் ஆழத்துக்குப் போக முடியாது. கல்லூரி ஏற்குமானால் டி.எஸ்.எஸ்.டி.யில் சுற்றுச்சூழல் அறிவியலும் வானியலும் எழுதுவது மேல். சூழலியல், பூமி, பிரபஞ்சம் எல்லாம் இயற்கை அறிவியலுக்காக ஏற்கெனவே படித்தவை. அந்த உழைப்பு வீண் போகாது. நாளிதழ் படிக்கும் பழக்கம் உள்ளவருக்குச் சுற்றுச்சூழல் தேர்வில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். ஜியாலஜியில் பாறை, கனிமம், காலப் பிரிவு என்று மனப்பாடம் அதிகம். இயற்பியலும் வேதியியலும் கலந்த தேர்வில் சூத்திரம் வந்துவிடும்.

பணத்தில் கிளெப் முந்திக்கொள்கிறது. இரண்டிலுமே ஒரு தேர்வுக்குக் கட்டணம் சுமார் 100 டாலர், தேர்வு மையம் தனியாக ஒரு தொகை கேட்கும். ஆனால் மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பின் இலவச இணைய வகுப்பை முழுவதும் முடித்தால் கிளெப் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறார்கள். டி.எஸ்.எஸ்.டி.க்கு அது இல்லை. வவுச்சர் கைக்கு வரச் சில நாள் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். படிக்க ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற அமைப்பின் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். உயிரியல் பகுதிக்கு அவர்களுடைய பெரிய உயிரியல் நூலைத் திறக்காதீர்கள், மேஜர் அல்லாதவர்களுக்கான 21 அத்தியாய நூல் போதும். வானியல் நூல் 30 அத்தியாயம். அதில் சூரியக் குடும்பம், நட்சத்திரங்களின் பிறப்பு இறப்பு இரண்டையும் முதலில் முடியுங்கள்.

நாட்களைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள். பட்டத்துக்கான கெடுவிலிருந்து மூன்று வாரத்தைக் கழித்துவிடுங்கள், மதிப்பெண் கல்லூரிக்குப் போய், அங்கே ஒருவர் அதை உங்கள் கணக்கில் ஏற்றும் காலம் அது. 8 வாரம் இருக்கிறது என்றால் நிஜத்தில் இருப்பது 5. முதல் தேர்வை மூன்றாம் வார முடிவில் எழுதுங்கள். "இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு" என்று ஐந்தாம் வாரத்துக்குத் தள்ளினால், தவறினால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் வார முடிவில் ஒரு மாதிரித் தேர்வைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு சரியாக வந்தால் பயப்படாமல் போங்கள்.

தேர்வு நாளில் ஒரு சின்ன வேலை. எந்தக் கல்லூரிக்கு மதிப்பெண் அனுப்ப வேண்டும் என்று தேர்வுக்கு முன்பே கேட்பார்கள். அங்கேயே நிரப்பினால் இலவசம். தம்பி தேறுவோமா என்ற சந்தேகத்தில் அதைக் காலியாக விட்டிருந்தான். ஜூனில் இயற்கை அறிவியல் எழுதியபோது முதல் வேலையாக அதை நிரப்பினான். 58 வந்தது. ஆகஸ்ட் பட்டத்துக்கு அவன் கல்லூரியில் விழா கிடையாது. சான்றிதழ் தபாலில்தான் வந்தது. அங்கியைப் போட்டுக்கொண்டு அதைக் கையில் பிடித்தபடி அவன் நின்றான், சித்தி வீடியோ காலில் பார்த்தார்.