அமெரிக்கக் காப்பீட்டில் இலவச மேமோகிராம்: சேவை எப்படி?

40 வயதைக் கடந்த பெண்களுக்கு, ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனைப் படம் (மேமோகிராம்). கையிலிருந்து ஒரு டாலரும் கேட்கக் கூடாது என்பது 2010-இல் வந்த அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் (ஒபாமாகேர்) கொண்டுவந்த விதி. சேவையாகப் பார்த்தால் மிக நல்லது, தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் 2010 மார்ச் 23-க்கு முன்பிருந்தே பெரிய மாற்றமின்றித் தொடரும் பழைய திட்டங்களையும், குறுகிய காலத் திட்டங்களையும் இது கட்டுப்படுத்தாது. படம் எடுக்கும் மையமும் உங்கள் காப்பீட்டு நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள பட்டியலில், இருக்க வேண்டும்.

பில் எகிறுவது பெரும்பாலும், எந்தச் சேவை என்று காட்ட பில்லில் போடும் குறியீட்டு எண்ணில்தான். வழக்கமான பரிசோதனைக்கு 77067, நோயறியும் படத்துக்கு 77066. முன்பதிவின்போது "கட்டி இருக்கு, வலிக்குது" என்று சொன்னால் இரண்டாவது வகையில் போகும். செலவில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். அதற்காக அறிகுறியை மறைக்கவே மறைக்காதீர்கள். அப்போது தேவைப்படுவதே அந்தப் படம்தான்.

சந்தேகம் வந்து திரும்பக் கூப்பிட்டால் எடுக்கும் அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐக்குப் பணம் கட்ட வேண்டியிருந்ததே இந்த விதியின் பெரிய ஓட்டை. 2026-இல் தொடங்கும் காப்பீட்டுத் திட்ட ஆண்டிலிருந்து, பரிசோதனையை முடிக்கத் தேவையான இந்தப் படங்களும் திசு ஆய்வும் இலவசம். பழைய பழக்கத்தில் பில் வந்தால், கட்டுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் மேல்முறையீடு செய்யுங்கள்.

படம் எடுக்கும் அன்று டியோடரண்ட், பவுடர் வேண்டாம். அவற்றின் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் படிவு போலத் தெரியும். பழைய படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.