40 மீட்டர் ஃபோர் ஸ்கொயர்: எஸ்டபிள்யூஆர் மீட்டரை நம்பினால் கெட்டீர்கள்

ஆண்டெனாவின் திசையை மாற்றும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பெட்டியை மறுபடியும் கழற்றி மாட்டியாயிற்று. ஃபோர் ஸ்கொயர் போடலாமா என்று நண்பர் கேட்டதும் இதே வாரம்தான். ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசைக்காகச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நிறுத்தும் நான்கு வெர்ட்டிகல், அதாவது செங்குத்து ஆண்டெனா, அதுதான் ஃபோர் ஸ்கொயர். பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து லண்டன் வடக்கிலிருந்து வலமாகச் சுமார் 320 டிகிரி, டோக்கியோ 56, சிட்னி 128, கேப்டவுன் 229. சதுரத்தின் பக்கங்களை வடக்கு தெற்காக வைத்தால் நான்கு மூலைகளும் கிட்டத்தட்ட இந்த நான்கு ஊர்களைப் பார்க்கும். பத்துப் பன்னிரண்டு டிகிரி பிசகு பொருட்டே இல்லை, பீம் (அலை பாயும் கற்றை) அவ்வளவு அகலம். ஆண்டெனாவைச் சுழற்றும் ரோட்டேட்டர் வேண்டாம், சுவிட்சைத் தட்டினால் ஐரோப்பா அடங்கி ஜப்பான் எழும்.

எரிச்சல், பவரை நான்கு ஆண்டெனாவுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஹைப்ரிட் கப்ளரில் இருக்கிறது. வெர்ட்டிகல்களிலிருந்து திரும்பும் பவர் பெரும்பாலும் ரிக்குக்கு (ரேடியோ பெட்டிக்கு) வராமல் டம்மி லோடில் (பவரை விழுங்கும் ரெசிஸ்டரில்) சூடாகிப் போகிறது. ஆண்டெனாவுக்குப் போகும் நான்கு கோஆக்ஸ் கேபிளையும் பிடுங்கிவிட்டாலும் எஸ்டபிள்யூஆர் (ரிக்குக்கு எவ்வளவு பவர் திரும்புகிறது என்று காட்டும் எண்) அழகாகவே இருக்கும்! பார்க்க வேண்டியது லோடில் விழும் வாட். 100 வாட் கொடுத்தால் அங்கே இரண்டு மூன்று வாட் போனால் நலம், பத்தைத் தாண்டினால் தேடத் தொடங்குங்கள். ஒரு திசையில் மட்டும் ஏறினால் ரிலேயைச் சந்தேகியுங்கள். நான்கிலும் ஏறினால் வெர்ட்டிகல், கோஆக்ஸ், ரேடியல் (வெர்ட்டிகலின் அடியிலிருந்து தரையில் விரியும் கம்பி). இந்த லோடு வாட்டைக் காட்டும் மீட்டரை விலையில் சேர்க்காமல் கப்ளர் விற்பது அநியாயம்.

ரிலே கெடுவதிலும் ஒரு சூது உண்டு. ஈரக்காற்றில் தொடுமுனை கறுக்கும். அனுப்பும்போது பவர் அந்தப் படலத்தைத் துளைத்துப் போய்விடும், கேட்கும்போது அந்தத் திசை மட்டும் மந்தம். ஆகவே சீல் செய்த ரிலேதான் போட வேண்டும். பெட்டியை முழுக்க அடைத்தால் உள்ளேயே வியர்க்கும். அடியில் 4 மில்லிமீட்டர் துளை, எறும்புக்கு வலை, கனெக்டர்கள் கீழ்நோக்கி.

கோஆக்ஸில் ஏமாறுபவர்கள் நிறைய. ஒவ்வொரு துண்டும் கால் அலை நீளம் இருக்க வேண்டும், மையத்திலிருந்து மூலைக்கு எட்டவும் வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸில் சதுரத்தின் பக்கம் 10.56 மீட்டர், மையத்திலிருந்து மூலைக்கு 7.47. ஆர்ஜி-213 என்ற வழக்கமான கோஆக்ஸில் கால் அலை நீளம் 6.97 மீட்டர்தான், அரை மீட்டர் எட்டாது. வேகக் காரணி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் கேபிளில் அலை போகும் வேகம்) 0.8க்கு மேலுள்ள 75 ஓம் ஃபோம் கேபிள் வாங்குங்கள். ரோலில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு ஆண்டெனா அனலைசரில் அளந்து வெட்டுங்கள், நான்கும் ஒன்றுபோல.

ஒவ்வொரு வெர்ட்டிகலையும் மற்ற மூன்றின் அடி இணைப்பைக் கழற்றிவிட்டு டியூன் செய்ய வேண்டும். நான்கிலும் ரெசிஸ்டன்ஸ் சில ஓமுக்குள் ஒத்துப்போகாவிட்டால் பின்பக்கச் சத்தம் அடங்காது. ரேடியல் வெர்ட்டிகலுக்கு 30, மொத்தம் 1,200 மீட்டர் கம்பி. பக்கத்து வெர்ட்டிகலின் ரேடியல் குறுக்கிடும் இடத்தில் இரண்டையும் வெட்டிப் பற்றவைத்துவிடுங்கள். எண்ணிக்கையில் கஞ்சத்தனம் பண்ணினால் ஏப்ரல் காய்ந்த மண்ணுக்கும் நவம்பர் ஈர மண்ணுக்கும் ரீடிங் ஒத்துவராது.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். கால் அலை இடைவெளியில் இரண்டு வெர்ட்டிகல், 90 டிகிரி ஃபேஸ் (ஒன்றுக்குக் கால் சுழற்சி தாமதம்), ஒரு வெர்ட்டிகலைவிடச் சுமார் 3 டிபி, அதாவது இரண்டு மடங்கு பவருக்குச் சமம். முன்னும் பின்னும் திருப்பினால் போதும். என்னுடையதை விலைக்குக் கேட்டால் மட்டும் தரமாட்டேன்.