பிரின்ஸ்டன், பெரீயா, கூப்பர் யூனியன்: எண்டோமென்ட் பணம் மாணவர் கைக்கு வரும் வழி

அமெரிக்கக் கல்லூரிகளின் எண்டோமென்ட் (நன்கொடையாக வந்து முதலீட்டில் இருக்கும் நிதி) தொகைகளை மேலிருந்து கீழாகப் படிப்பதால் மாணவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் மூலதனத்தில் கை வைக்காமல், ஆண்டுக்கு 4.5 முதல் 5 சதவீதம் வரைதான் செலவுக்கு எடுக்கிறார்கள். அதனால் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். 100 கோடி டாலர் நிதி, 20,000 மாணவர்கள், 5 சதவீதம் என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர். அதே நிதி 1,500 பேருக்கு என்றால் 33,000 டாலருக்கு மேல். கல்விக் கட்டணத்தையே எடுத்துவிடலாம்.

கென்டக்கியில் உள்ள பெரீயா கல்லூரி அப்படித்தான் எடுத்துவிட்டது. 1892 முதல் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. எண்டோமென்ட் 100 கோடி டாலரைத் தாண்டும். மாணவர்கள் 1,500 பேர் அளவில்தான். பெரும்பாலும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளையே சேர்க்கிறார்கள். வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வளாகத்தில் வேலை செய்வது கட்டாயம்.

பிரின்ஸ்டன் வேறு கதை. 2024 ஜூனில் 3,400 கோடி டாலர்; இயக்கச் செலவில் பாதிக்கு மேல் அதிலிருந்தே வருகிறது. 2001இல் உதவித் தொகுப்பிலிருந்து கடனை நீக்கி, திருப்பித் தர வேண்டாத கிராண்ட் ஆக்கியது. 2025-26 முதல், ஆண்டு வருமானம் 1,50,000 டாலர் வரை உள்ள பெரும்பாலான குடும்பங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஏழைப் பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் பில் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம், பெரீயாவில் தர வேண்டிய அந்த 10 மணி நேரமும், பிரின்ஸ்டனில் கிடைக்கும் ஆய்வகங்கள், ஆராய்ச்சித் துறைகளின் விரிவும். இரண்டும் கிடைத்தால் பிரின்ஸ்டன்தான். இடம் கிடைப்பதுதான் பாடு.

நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் பணம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. கிரைஸ்லர் கட்டடம் நிற்கும் மனைதான் அதன் பெரிய சொத்து. மனையைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் செலவு செய்ய முடியாது. 2006இல் அதை ஈடு வைத்து 17.5 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். புதிய கட்டடம் எழுந்தது, வட்டியும் ஏறியது. நெடுங்காலம் எல்லோருக்கும் முழு உதவித்தொகை தந்த கல்லூரி, 2014இல் சேர்ந்தவர்களிடம் பாதிக் கட்டணம் கேட்டது. பழைய நிலைக்குத் திரும்ப 2018இல் பத்தாண்டுத் திட்டம் போட்டார்கள்.

பணம் மலைபோல் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஹார்வர்டின் எண்டோமென்ட் 14,000க்கும் மேற்பட்ட தனித்தனி நிதிகள். பெரும்பாலானவற்றில் கொடையாளர் நிபந்தனை இருக்கும். ஒரு பேராசிரியர் பதவிக்கென்று வந்ததை விடுதிச் சமையலறைக்குத் திருப்ப முடியாது. 2009 நிதியாண்டில் முதலீடு 27.3 சதவீதம் சரிந்தபோது, மூத்த ஆண்டு மாணவர்களின் விடுதிகளில் வார நாட்களின் சூடான காலை உணவு நின்றது.

சரிவு உடனே தெரியாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பல கல்லூரிகள் மூன்றாண்டுச் சராசரியில்தான் 5 சதவீதம் எடுக்கின்றன. மதிப்பு 100, 100, 70 என்று போனால் சராசரி 90, கைக்கு வருவது 4.5. சந்தை 70லேயே நின்றால் அடுத்த ஆண்டு 4, அதற்கடுத்து 3.5. சரிந்த ஆண்டில் சேர்ந்தவருக்கு முழு அடி விழுவது மூன்றாம் ஆண்டில்.

2025இல் வந்த அமெரிக்க வரிச் சட்டப்படி, கட்டணம் செலுத்தும் மாணவர்கள் குறைந்தது 3,000 பேர் இருந்து, எண்டோமென்ட் தலைக்கு 20 லட்சம் டாலரையும் தாண்டினால் முதலீட்டு வருமானத்தில் 8 சதவீத வரி. பெரீயாவும் கூப்பர் யூனியனும் மாணவர் எண்ணிக்கையாலேயே தப்பிவிடுகின்றன.

சேரும் முன் உதவித்தொகை அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: கட்டணம் ஏறினால் கிராண்டும் ஏறுமா, கிராண்ட் நான்கு ஆண்டுக்கும் எழுத்தில் உறுதியா? முதல் ஆண்டுக்கு மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு குறைக்கும் இடங்களும் உண்டு. அதனால் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.