ஜெட் போட் ஸ்டியரிங் இறுகினால் பட்டறைக்கு அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

நீலகிரியில் ஜெட் போட் வேலை தெரிந்த மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. டிரெய்லரில் ஏற்றிக் கீழே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இந்த நிலைமையைப் பயன்படுத்தி, சமவெளியில் ஒரு பட்டறை எங்களிடம் 38,500 ரூபாய் கறந்துவிட்டது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, போட்டைத் திருப்பிக் கொடுத்த நிலைமையை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

நானும் மச்சானும் பிழைப்புக்காகச் சேர்ந்து வாங்கிய பழைய போட் அது. டிசம்பரில் ஸ்டியரிங் இறுகியது. இடப்பக்கம் ஒடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. பட்டறைக்காரர் பார்க்காமலே, "ஊட்டிக் குளிருங்க, கேபிள்ல கிரீஸ் உறைஞ்சிருக்கும், ஸ்டியரிங் பாக்ஸும் போயிருக்கும்" என்றார். வீலின் சுற்றைக் கேபிளுக்குக் கடத்துவதுதான் அந்தப் பாக்ஸ். தலைகுந்தாவில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும், உண்மைதான். வெயில் ஏறினால் அது கரைந்துவிடும். எங்கள் ஸ்டியரிங்கோ மத்தியானமும் அதே இறுக்கத்தில்தான் இருந்தது. சொன்னோம், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலை முடிந்து கொடுத்தது ஜி.எஸ்.டி. எண்கூட இல்லாத துண்டுச்சீட்டு. அதில் ஒரு வரி: "ஆக்சிலேட்டர் விட்டால் திரும்பவில்லை, சரிசெய்யப்பட்டது." ஜெட் போட்டில் சுக்கான் கிடையாது. அடியில் உறிஞ்சிய தண்ணீரை இம்பெல்லர் என்ற உள்விசிறி பின்னால் பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சும் மூக்கைத் திருப்பினால்தான் போட் திரும்பும். ஆக்சிலேட்டரை விட்டால் பீய்ச்சல் நின்றுவிடும், போட் நேராகத்தான் போகும். அது பழுதே இல்லை. எதிரே ஏதாவது வந்தால் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தபடியே ஒடிக்க வேண்டும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இல்லாத பழுதைச் சரிசெய்ததாகக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் "புது" ஸ்டியரிங் பாக்ஸ். கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் பளபளத்தது. மச்சான் நகத்தால் சுரண்டினான், அடியில் துரு. எங்கள் பழைய பாக்ஸில் ஒரு போல்ட் ஓட்டை மட்டும் முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும். இதிலும் அதே இடத்தில் அதே ஓட்டை.

ஸ்டியரிங் இறுக்கமும் அப்படியே இருந்தது. கடைசியில் ஊட்டியில் ஜீப் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர்தான் வழி காட்டினார். "தம்பி, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துடு. பின்னாடி மூக்குல இருந்து கேபிளைக் கழட்டிட்டு ரெண்டையும் தனித்தனியா ஆட்டிப் பாருப்பா." மூக்கு ஒரு விரலுக்கே ஆடியது. வீல் மட்டும் இறுகியே இருந்தது. ஆக, கோளாறு கேபிளிலோ பாக்ஸிலோதான். பாக்ஸிலிருந்தும் கேபிளைக் கழற்றினோம். வீல் தாராளமாகச் சுற்றியது. போட்டின் பின்சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் இறங்கி, உள்கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. இந்த மாதிரிக் கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஒப்பேற்றக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும். மாற்றினோம், இப்போது ஒரு கையால் ஒடிகிறது.

இழுவை குறைகிறது என்று "இம்பெல்லர் வேலை"க்கும் பணம் வாங்கியிருந்தார்கள். அடிச்சல்லடையில் ஆகாயத்தாமரை வேர் சுற்றியது சுற்றியபடியே இருந்தது. அதை எடுத்ததும் இழுவை வந்துவிட்டது. ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சின் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதையும் இம்பெல்லர் தலையில் கட்டிவிடுவார்கள், கவனம்.

இனிச் சொல்வதுதான் கொடுமை. அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கு வயர் போதவில்லையென்று, எஞ்சின் அறை புளோயரின் வயரை வெட்டி அதில் கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். புளோயரைச் சில நிமிடம் ஓடவிட்டு அதை வெளியேற்றிய பிறகுதான் சாவி போட வேண்டும். எங்கள் போட்டில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, புளோயர் சுற்றவில்லை! குடும்பம் குழந்தைகளோடு ஏறும் போட் சார் இது. விளக்கை நம்பாதீர்கள், வெளித்துவாரத்தில் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள்.

போட்டை அனுப்பும் முன் பாக்ஸ், பம்ப், வயரிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் தரச் சொல்லி முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நாங்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவருக்கும் அங்கே வழி உண்டு. சுரண்டிய பாக்ஸையும் வெட்டிய வயரையும் எடுத்து வைத்திருக்கிறோம்.