கல்லறைக் கல்லா, அடக்கப் பதிவேடா? அயர்லாந்து முன்னோரைத் தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

என் கணவரின் தாய்வழிக் குடும்பம் அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பேரா தீபகற்பத்தைச் சேர்ந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓ'சலிவன்கள் வாழும் கடலோரப் பகுதி அது. தன் பாட்டனாருக்கு முந்தைய தலைமுறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை. அந்தத் தேடலை நான் ஏற்றுக்கொண்டபோது முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கல்லறைத் தோட்டங்களுக்கே போய்க் கற்களில் செதுக்கியிருப்பதைப் படிப்பது. மற்றொன்று, யார் எப்போது அடக்கம் செய்யப்பட்டார் என்று எழுதி வைத்திருக்கும் பதிவேடுகளைப் புரட்டுவது. நான் கற்களைத் தேர்ந்தெடுத்தேன். கிராமப்புற அயர்லாந்தில் வேர் உள்ள குடும்பம் என்று யார் கேட்டாலும் இன்றும் அதையேதான் சொல்வேன். நகரத்துக் குடும்பம் என்றால் என் பதில் வேறு.

இறந்தவர்கள் வழியாகத் தேட வேண்டிய நிலை ஏன் வந்தது என்பது பலருக்குத் தெரிந்த கதை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி அதில் அழிந்தது. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 ஆண்டுகளின் தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901இல் எடுக்கப்பட்டதுதான். எல்லா மதத்தவரின் இறப்புகளையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1864இல். அதற்கு முன்னால் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இருப்பவை பங்குப் பதிவேடுகள். பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி. அவற்றில் திருமுழுக்கும் திருமணமும் உண்டு. அடக்கத்தைப் பெரும்பாலான பங்குகள் எழுதி வைக்கவில்லை.

பதிவேட்டின் நன்மைகளை மறுக்க முடியாது. அது அடக்கம் நடந்த நாளிலோ அதை ஒட்டியோ எழுதப்பட்டது. கல் வைக்க வசதி இல்லாதவரின் பெயரும் அதில் இருக்கும். எண்ணிமமாக்கப்பட்டிருந்தால் வீட்டில் உட்கார்ந்தே தேடலாம். பலர் கவனிக்காமல் விடும் ஒன்றும் உண்டு. 1871 வரை அரசுத் திருச்சபையாக இருந்த, புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த அயர்லாந்து திருச்சபையின் கல்லறைத் தோட்டங்களில்தான் பல ஊர்களில் கத்தோலிக்கர்களும் அடக்கம் செய்யப்பட்டார்கள். ஆகவே புராட்டஸ்டன்ட் பதிவேட்டில் கத்தோலிக்க முன்னோர் ஒருவர் கிடைக்கக்கூடும். 'நம்முடையது கத்தோலிக்கக் குடும்பம்' என்று சொல்லி அந்தப் பக்கமே போகாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். தப்பிப் பிழைத்த பதிவேடுகளின் பட்டியலை டப்ளினில் உள்ள அந்தத் திருச்சபையின் நூலகம் பராமரிக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் நூற்றுக்கணக்கான பங்குகளின் ஏடுகள் அதே 1922 தீயில் போய்விட்டன.

இவ்வளவு இருந்தும் நான் கல்லின் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. பதிவேடு பெயரைத் தருகிறது. கல் உறவைத் தருகிறது.

அயர்லாந்தில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே பெயர் வைப்பதில் ஒரு பழைய முறை இருந்தது. முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர், மூன்றாம் மகனுக்குத் தந்தையின் பெயர். பெண் பிள்ளைகளுக்கும் பாட்டிகளின் பெயர்கள் இதே போல் வரும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் விளைவு உடனே புரியும். டேனியல் ஓ'சலிவன் என்பவருக்கு நான்கு மகன்கள் என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் தங்கள் மூத்த மகனுக்கு டேனியல் என்றே பெயரிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குள், ஒரே பங்கில், நான்கு டேனியல் ஓ'சலிவன்கள் பிறந்துவிடுகிறார்கள். பேராவில் இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே வீட்டுக்கு வீடு கிளைப்பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் ஏட்டை எழுதியவர் அந்தக் கிளைப்பெயரை எழுதியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது பதிவேட்டைத் திறந்து பாருங்கள். 'டேனியல் சலிவன், வயது 62' என்று ஒரு வரி இருக்கும். நால்வரில் இவர் யார்? வயதை வைத்துக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். அந்தக் காலத்து அயர்லாந்தில் வயது என்பது தோராயக் கணக்கு. 1908இல் எழுபது வயது கடந்தோருக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் வந்தது. அதன் பிறகு 1901க்கும் 1911க்கும் இடையில் பத்தாண்டுக்கும் மேலாக மூப்படைந்தவர்களைக் கணக்கெடுப்பில் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம். 1864க்குப் பிந்தைய அரசு இறப்புப் பதிவு இன்னும் சற்று அதிகம் தருகிறது. இறந்த இடம், தொழில், நோய், தகவல் சொன்னவர் எல்லாம் அதில் உண்டு. பெற்றோர் பெயர் மட்டும் கிடையாது. வம்சத்தைத் தேடுபவருக்கு வேண்டியதோ அதுதான்.

கல் பேசும் விதம் வேறு. 'இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், தன் தந்தை இன்னாருக்கும், தாய் இன்னாருக்கும், இளமையில் இறந்த தம்பிக்கும் நினைவாக எழுப்பியது' என்பதுதான் பொதுவான வடிவம். ஒரே வாக்கியத்தில் இரண்டு தலைமுறைகள், சில சமயம் மூன்று. தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் பல கற்களில் இருக்கும். திருமணமான பெண்ணைக் கணவரின் பெயரால் மட்டுமே குறிப்பிடும் ஏட்டில் இது கிடைக்காது. நான் தேடிய குடும்பத்தின் கல்லில் குழந்தையாக இறந்த இருவரின் பெயர்களும் இருந்தன. வேறு எந்த ஆவணத்திலும் அவர்களை நான் காணவில்லை.

அதோடு ஊர்ப் பெயர். அயர்லாந்தில் மிகச் சிறிய நிலப்பிரிவு டவுன்லேண்ட் எனப்படுவது. நாடு முழுவதும் அப்படி அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. சிலவற்றில் நாலைந்து வீடுகள்தான். கல்லில் அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் மற்றக் கதவுகள் வரிசையாகத் திறக்கும். 1847க்கும் 1864க்கும் இடையில் நடந்த கிரிஃபித் நில மதிப்பீடு டவுன்லேண்ட் வாரியாகத் தொகுக்கப்பட்டது. அங்கே போனால் அந்தச் சிற்றூரில் நிலம் வைத்திருந்தவர் யார், அவருடைய நிலவுடைமையாளர் யார், பக்கத்து வீட்டில் யார் என்று தெரியும். 1823 முதல் 1837 வரை எழுதப்பட்ட தசமபாக வரி (அயர்லாந்து திருச்சபைக்குச் செலுத்த வேண்டியிருந்த வரி) ஏடுகளில் அதே நிலத்தில் அவருடைய தந்தையைத் தேடலாம். டவுன்லேண்ட் எந்தக் கத்தோலிக்கப் பங்கில் இருந்தது என்று தெரிந்தால், தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாகப் பார்க்கத் தந்திருக்கும் பங்குப் பதிவேட்டுப் படங்களில் திருமுழுக்கைத் தேடலாம். நான்கு டேனியல்களில் நமக்கு வேண்டியவரை எனக்குப் பிரித்துக் காட்டியது இந்த வழிதான். கல்லில் இருந்த டவுன்லேண்ட் பெயர் இல்லாமல் அது நடந்திருக்காது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் தங்கள் கல்லை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. உறவினர்கள் அருகருகே அடக்கமானார்கள். இடப்பக்கம், வலப்பக்கம், பின்வரிசை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அன்று அந்நியமாகத் தெரிந்த குடும்பப்பெயர் பின்னால் பாட்டியின் பிறந்த வீடாக இருக்கக்கூடும்.

கல் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்கலாமா என்றால், கூடாது. இறந்த அன்றே கல் நட்டுவிடுவதில்லை. பேராவின் அலிஹீஸ் செப்புச் சுரங்கங்களில் வேலை குறைந்தபோது அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள பியூட் நகரத்துச் சுரங்கங்களுக்குப் போனவர்கள் ஏராளம். அங்கிருந்து பணம் அனுப்பிப் பெற்றோருக்குக் கல் எழுப்பியவர்கள் உண்டு. பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்ன தேதிகள் அவை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இருபது முப்பது ஆண்டு இடைவெளியில் இறந்தவர்களின் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்து வடிவில், ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருந்தால் அவை ஒரே நேரத்தில் செதுக்கப்பட்டவை. அப்போது கடைசித் தேதியை நம்பலாம். முந்தையவற்றைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். உறவுகளில் இந்தப் பிழை குறைவு. மகனுக்குத் தந்தை இறந்த ஆண்டு மறக்கலாம். தந்தை யார் என்பது மறக்காது.

படிப்பதும் ஒரு வேலைதான். பலகைக்கல்லில் எழுத்து நன்றாக நிற்கும். மணற்கல் அடுக்கடுக்காக உரிந்துவிடும். சுண்ணாம்புக்கல்லில் பாசி படரும். காலை, மாலைச் சாய்வெயிலில் போங்கள். வெயில் இல்லாத நாளில் ஒரு கண்ணாடியோ டார்ச் விளக்கோ பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சினால் மறைந்த எழுத்துகள் எழுந்து வரும். செடிகொடி அடங்கியிருக்கும் குளிர்காலமே வசதியான காலம். கம்பித் தூரிகை, பிளீச்சிங், சுண்ணக்கட்டி, சவர நுரை எதுவும் கல்லைத் தொடக் கூடாது. ஐவிக் கொடியைப் பிடித்து இழுக்கவும் கூடாது. கல்லின் மேற்புறமே அதனுடன் பெயர்ந்து வந்துவிடும். பழைய கல்லறைத் தோட்டங்கள் பல சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவிடங்கள் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

நேரில் போக முடியாதவர்களும், போய்ப் பார்த்தும் எழுத்து அழிந்திருக்கக் கண்டவர்களும் பழைய நகல்களைத் தேட வேண்டும். 1888இல் தொடங்கிய ஒரு சங்கம் நாடெங்கும் உள்ள கல்லறை வாசகங்களைச் சேகரித்து 1934 வரை இதழாக வெளியிட்டது. 1960களிலிருந்து டவுன் (Down) என்னும் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஆர்.எஸ்.ஜே. கிளார்க்கும், பின்னர் விக்லோ, வெக்ஸ்ஃபோர்ட் பகுதிகளில் பிரையன் கான்ட்வெல்லும் தோட்டம் தோட்டமாக நின்று படியெடுத்தார்கள். இன்று மழுங்கிப் போன கற்களை அன்று படித்து வைத்தவர்கள் இவர்கள். இந்த உழைப்புக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

கல்லின் பெரிய குறை ஏழைகளை அது விட்டுவிடுவது. இதை லேசாகச் சொல்லிக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்கிபரீனுக்கு அருகே அபிஸ்ட்ரூரி கல்லறையில் 1840களின் பெரும் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் இறந்த எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர்வரை குழிகளில் கிடக்கிறார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பெயர் செதுக்கிய கல் அவர்களுக்கு இல்லை. பெயர் எழுதிய ஏடும் இல்லை. கிராமங்களில் வயலில் எடுத்த கல்லை அப்படியே நட்டு வைத்த அடக்கங்கள் எண்ணிலடங்காதவை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்னால் சாதாரணக் கத்தோலிக்கக் குடும்பத்துக்குக் கல் கிடைப்பதே அரிது. நிலமற்ற கூலியாளின் வழிவந்தவர் என்றால், கல்லில் நம்பிக்கை வைத்து வெகுதூரம் பயணம் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நகரத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. டப்ளினின் கிளாஸ்நெவின் கல்லறை, கத்தோலிக்கர்களின் உரிமைகளுக்காகப் போராடிய தலைவர் டேனியல் ஓ'கானலின் முயற்சியால் உருவானது. முதல் அடக்கம் 1832 பிப்ரவரியில். அன்றிலிருந்து இன்றுவரை ஏறக்குறைய பதினைந்து லட்சம் பேர். பொதுக்குழியில் புதைக்கப்பட்டவர்கள் உட்பட எல்லோருக்கும் ஏடு இருக்கிறது. கட்டணம் செலுத்தினால் இணையத்தில் தேடலாம். அதே குழியில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க முடிவதால், நான் கல்லுக்குச் சொன்ன உறவு என்ற பலம் இங்கே ஓரளவு ஏட்டுக்கும் வந்துவிடுகிறது. குடும்பம் விலைக்கு வாங்கிய குழி என்றால்தான் இது பொருந்தும். ஏழைகள் பகுதியில் தொடர்பே இல்லாதவர்கள் ஒரே குழியில் இருப்பார்கள். லிமெரிக்கில் மவுன்ட் செயின்ட் லாரன்ஸ் கல்லறையின் 1855 முதலான ஏடுகளை இலவசமாகவே பார்க்கலாம். இப்படிப்பட்ட இடங்களில் கல்லைத் தேடிக் காலையில் கிளம்புவதைவிட ஏட்டில் குழி எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

வட அயர்லாந்தில் என் அனுபவம் குறைவு என்பதால் அங்கே என் சாய்வை அழுத்திச் சொல்ல மாட்டேன். பெல்ஃபாஸ்ட் மாநகராட்சி தன் கல்லறைகளின் ஏடுகளை 1869இலிருந்து இணையத்தில் வைத்திருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளும் தெற்கைவிட வடக்கில்தான் அடக்கங்களை அதிகம் எழுதி வைத்தன. அந்தப் பக்கத்துக் குடும்பம் என்றால் ஏட்டிலேயே தொடங்கலாம்.

தமிழ்நாட்டில் இருந்தபடியே தேடும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைகளில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளமாக இருந்தார்கள். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையே 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. சென்னை மாகாணத் தேவாலயங்களின் அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மாகாணத்தின் கல்லறை வாசகங்களைக் குடிமைப் பணி அதிகாரி ஜே.ஜே. காட்டன் தொகுத்து 1905இல் வெளியிட்டார். ஆனால் அதிகாரிகளுக்கும் வசதி படைத்தவர்களுக்குமே கல் எழும்பியது. சாதாரணச் சிப்பாய் என்றால் ஏடுதான் முதல் வழி. அதில் கிடைக்கும் படைப்பிரிவின் பெயரைக் கொண்டு, கம்பெனி படைக்கு ஆள் சேர்த்த பதிவுகளில் அவர் பிறந்த கவுண்டியையும் பங்கையும் தேட வேண்டும். அந்த இடம் கிராமமாக இருந்தால், அங்கே அவருடைய அண்ணன் தம்பிகள் யாராவது பெற்றோருக்குக் கல் எழுப்பியிருக்கிறார்களா என்று பார்ப்பது அடுத்த வேலை.