சீட்டா, சரக்குக் கடனா, வங்கியா: திருகோணமலையில் கடை போடுவோருக்கு

மத்திய வீதியில் சின்னக் கடையொன்று போட ஐந்து இலட்சம் தேவை என்று வைப்போம். முதலில் நினைவுக்கு வருவது சொந்தக்காரர் நடத்தும் சீட்டுத்தான். இருபது பேர், மாதம் 25,000. முதல் மாதமே ஏலத்தில் 80,000 கழித்து எடுத்தால் கைக்கு வருவது 4,20,000. படிவமும் இல்லை, காணி உறுதியும் கேட்கமாட்டார்கள். நாளைக்குக் கோயில் திருவிழாவில் முகத்தைக் காட்ட வேண்டுமே, அதுதான் பிணை. ஆனால் சீட்டில் இருப்பவர்களில் பாதிப்பேர் மீனை நம்பியவர்கள் என்றால், கடல் கொந்தளிக்கும் மாதத்தில் எல்லோருக்கும் ஒன்றாகவே முடை வரும்.

சரக்குக் கடன் இனம் தாண்டியது. தமிழ்க் கடைக்காரர் முஸ்லிம் மொத்த வியாபாரியிடம் தவணைக்குச் சரக்கெடுப்பது இங்கே பழைய வழக்கம். முதல் தடவை தெரிந்தவர் யாராவது கூட்டிப்போக வேண்டும். தவணை தவறாமல் கட்டினால் அதன்பிறகு நாணயமே போதும். வட்டி என்று தனியே எழுதமாட்டார்கள், விலைக்குள் இருக்கும். வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தாலும் போய் வாங்க முடியாது. 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்ன நாட்களில், இந்தக் கொடுக்கல்வாங்கல் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தெரிந்தது.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் நுண்கடன் கடை போடுமளவுக்குக் காணாது. 2018இல் அரசாங்கமே அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது.

வங்கி உறவு பார்க்காது என்பார்கள். அரசாங்க உத்தியோகத்தர் இருவரின் பிணைக் கையெழுத்துக் கேட்டால் அதுவும் உறவுதானே? குடும்பத்தில் ஓர் ஆசிரியர் இருப்பவருக்குக் கதவு திறக்கும். 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, உறுதியைத் தொலைத்தவருக்கு ஈடு வைக்கவும் ஒன்றுமில்லை. முன்பு வங்கிக்கும் வியாபாரிக்கும் நடுவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நின்றார்கள். வங்கியில் எடுத்து, ஆளைப் பார்த்துக் கொடுத்தார்கள். 1934ஆம் ஆண்டு வங்கி ஆணைக்குழுவுக்குப் பின் 1939இல் இலங்கை வங்கி வந்தது. ஆளை அறிந்து கொடுக்கும் அந்த வேலையை அப்படியே எடுத்து நடத்த யாரும் வரவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். பத்து வருடம் சீட்டுக்காசு ஒருநாள் பிந்தாமல் கட்டியவரின் நேர்மை, கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஒரு வரியாகக்கூட இராது. ஆகவே தட்டு, பலகைக்குச் சீட்டு, சாமானுக்குத் தவணை. கூடவே, தேவையில்லாவிட்டாலும் முதல் வருடமே வங்கியில் ஒரு சிறு கடன் எடுத்து ஒழுங்காகக் கட்டி முடிக்கச் சொல்வேன். இரண்டாவது கடைக்குக் கடன் கேட்டுப் போகும்போது வங்கியில் அந்தப் பதிவைத்தான் பார்ப்பார்கள்.